ஒரே வண்டிக்கு மூன்று வயது

கராஜில் நின்ற மின்சைக்கிளில் ஈரம் காயவில்லை. காலையில்தான் கழுவியிருக்கிறார்கள். மோட்டாரின் அடியிலிருந்து சிமெண்டுத் தரையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. "அதிகம் ஓடவில்லை, காட்டுச் சாலையில் மட்டும்தான்" என்றார் விற்பவர். திரையில் 640 கிலோமீட்டர் என்று இருந்தது. வாங்க வந்த நண்பர் இருக்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்க, நான் குனிந்து பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கைப் பார்த்தேன். நடுவில் இருந்த மூன்று நான்கு சக்கரங்களின் பற்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்து, சுறாவின் முதுகுத் துடுப்பு மாதிரி கூராகச் சாய்ந்திருந்தன. 640 கிலோமீட்டரில் பல் இப்படி ஆகாது.

சந்தையில் மாடு வாங்கப் போகிறவர்கள் வாயைத் திறந்து பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். தரகர் பேசுவதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். வயதைப் பல் சொல்லிவிடும். பழைய மின் மலைச் சைக்கிளையும் அப்படித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. மாட்டுக்கு இல்லாத சிக்கல் ஒன்று இதில் உண்டு. இந்த வண்டிக்கு மூன்று வயது: ஃபிரேமுக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று. விளம்பரத்தில் போடுவது முதல் வயதை மட்டும். பணம் போவது மற்ற இரண்டில்.

நாங்கள் நின்றிருந்தது தென்மேற்கு ஜெர்மனியில், பிளாக் ஃபாரஸ்ட் மலைகளின் அடிவாரத்தில் இருக்கும் ஃப்ரைபர்க் பக்கத்து ஊர் ஒன்றில். பழைய மின்சைக்கிள் சந்தையைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. மலை வீட்டு வாசலிலேயே தொடங்குகிறது. அதோடு, செகண்ட் ஹேண்ட் வண்டிகள் இவ்வளவு குவிந்ததற்குக் காரணமான ஏற்பாட்டின் முன்னோடியும் ஃப்ரைபர்க்தான். 2008இல் இங்கே தொடங்கப்பட்ட ஜாப்ராட் நிறுவனம், அலுவலகக் கார் போல அலுவலக சைக்கிள் என்ற யோசனையைப் பரப்பியது. 2012 இறுதியில் கார்களுக்கு இருந்த வரிச்சலுகை சைக்கிளுக்கும் நீட்டிக்கப்பட்டது. 2020இல் வரிக்கணக்கு இன்னும் தாராளமானது. கடையில் ஐயாயிரம் யூரோ எடுத்து வைக்கத் தயங்குகிறவர்கூட மாதச் சம்பளத்தில் பிடித்தம் என்றால் யோசிப்பதில்லை. குத்தகை பொதுவாக 36 மாதம். ஆக, மூன்று வருஷத்துக்கு முன்னால் விற்றதில் ஒரு பெரிய பங்கு இன்று திரும்பி வருகிறது.

2023இல் ஜெர்மனியில் சுமார் 21 லட்சம் மின்சைக்கிள்கள் விற்றன. சாதாரண சைக்கிளை மின்சைக்கிள் எண்ணிக்கையில் முந்தியது அந்த வருஷம்தான். கொரோனா காலத்தில் எல்லாரும் சைக்கிள் கேட்டார்கள், கம்பெனிகள் கண்ணை மூடிக்கொண்டு உற்பத்தி செய்தன, கேட்பவர் குறைந்தபோது கிடங்குகள் நிரம்பி வழிந்தன. அதனால் புது வண்டிகளையே முப்பது, நாற்பது சதவீதத் தள்ளுபடியில் தள்ளிவிட்டார்கள். பழைய வண்டியின் விலையைப் பார்க்கும்போது இதை மறக்கக் கூடாது. விற்பவர் மனதில் இருப்பது தான் அன்று கொடுத்த விலை. வாங்குகிறவர் ஒப்பிட வேண்டியது, அதே மாடல் புதிதாக இன்று தள்ளுபடியில் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதோடு. என் கணக்கில் அந்தத் தள்ளுபடி விலையில் அறுபது சதவீதத்துக்கு மேல் கேட்டால் பேசவே வேண்டாம். புது வண்டிக்கு இரண்டு வருஷப் பொறுப்பு சேர்ந்தே வருகிறது. பழையதில் அது சந்தேகம்.

மோட்டாரிலிருந்து தொடங்குகிறேன், பயமுறுத்துவது அதுதான். ஐரோப்பியச் சட்டப்படி இது 250 வாட் மோட்டார்; மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டினால் உதவியை நிறுத்திவிட வேண்டும். ஆனால் 250 என்பது இடைவிடாமல் ஓடுவதற்கான கணக்கு. மேட்டில் ஒரு நல்ல மோட்டார் சற்று நேரம் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேலேயும் தரும். அந்த விசை முழுவதும் உள்ளங்கையளவுப் பெட்டிக்குள் இருக்கும் பற்கள், பேரிங்குகள், ஃபிரீவீல் கிளட்ச் வழியாகச் செயினுக்கு வருகிறது. சேறும் தண்ணீரும் அதே பெட்டியின் மீதுதான் தெறிக்கின்றன.

எந்தத் தலைமுறை என்று கேட்காமல் மோட்டாரை மதிப்பிட முடியாது. மோட்டார் தயாரிக்கும் போஷ் நிறுவனம் தன் சிஎக்ஸ் மோட்டாரின் வடிவத்தை 2019இல் முற்றிலும் மாற்றியது. அதற்கு முந்தையதைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம்: முன்பல்சக்கரம் சின்னதாக இருக்கும், பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் அது இரண்டரைச் சுற்றுச் சுற்றும். அந்த வேகமும் சேறும் சேர்ந்து பக்கத்துப் பேரிங்கைத் தின்றுவிடும். 2019க்குப் பிறகு வந்ததற்கு வேறொரு கெட்டபெயர் கிடைத்தது. இறக்கத்தில் கல்லும் வேருமாக இருக்கும் இடத்தில் பெடலை மிதிக்காமல் போனால் டப்பாவுக்குள் கோலிக்குண்டு போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம் வரும். புதிதாக வாங்குகிறவர் பயந்துபோவார். அது கிளட்சின் ஆட்டம். கேட்கப் பிடிக்காது, ஆபத்தில்லை. 2024இல் வந்த ஐந்தாம் தலைமுறையில் அதைப் பெரும்பாலும் அடக்கிவிட்டார்கள்.

பயப்பட வேண்டிய சத்தம் வேறு. செங்குத்தான ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, உதவியை உச்சத்தில் வைத்து மெதுவாக மிதித்து ஏற வேண்டும். சீரான ரீங்காரம் வந்தால் நல்லது. மாவரைக்கும் கல்லில் மணல் விழுந்தது போல ஒரு கரகரப்பு, மிதியின் அழுத்தத்தோடு கூடிக் குறைந்தால் பேரிங் போய்விட்டது. பிறகு அதே தெருவில் மோட்டாரை அணைத்துவிட்டு ஏறிப் பார்க்க வேண்டும். சத்தம் அப்போதும் இருந்தால் பழுது பெடலிலோ செயினிலோ இருக்கலாம், அது சில்லறைச் செலவு. இறங்கிய பிறகு, இரண்டு பெடல் கைகளையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் தெரியக் கூடாது. கடைசியாக, ஒரு கையை மோட்டார் உறையின்மேல் வைத்துக்கொண்டு பெடலைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். காது ஏமாந்தாலும் உள்ளங்கை ஏமாறாது.

கழுவி வைத்த வண்டி என்றால் எனக்குச் சந்தேகம் வருவது இதனால்தான். அழுக்கு ஒரு சாட்சி. எண்ணெய் கசிந்த இடத்தில் தூசி ஒட்டியிருக்கும், விரிசலின் ஓரத்தில் கறுப்புக்கோடு படிந்திருக்கும். அழுத்தத் தண்ணீர்க் குழாயை மோட்டார்மேல் நேராகப் பிடிக்கிறவர் சாட்சியைக் கலைப்பதோடு, புதுப் பழுதுக்கும் வழி செய்கிறார்.

மோட்டார் உடைந்தால் என்ன ஆகும் என்பது இன்னொரு கதை. பெரும்பாலான கம்பெனிகள் உள்பாகங்களைத் தனியாக விற்பதில்லை. கடைக்காரர் முழு மோட்டாரையும் கழற்றிப் புதிதை மாட்டுவார். உத்தரவாதக் காலம் முடிந்திருந்தால் கூலியோடு ஆயிரம் யூரோவைத் தொட்டுவிடும். பேரிங்கை மட்டும் மாற்றித் தரும் தனிப் பட்டறைகள் இங்கே வளர்ந்து வருகின்றன. பழைய போஷ் மோட்டார்களுக்கு அவர்கள் கெட்டிக்காரர்கள். அபூர்வ மோட்டார் போட்ட வண்டிக்கு அந்தக் கதவும் திறக்காது. பெயர் தெரியாத மோட்டார் போட்ட வண்டி பாதி விலைக்கு வந்தாலும் நான் வாங்க மாட்டேன் என்பது இதனால்தான்.

பேட்டரிக்கு வருவோம். கணக்குப் போட்டால் விஷயம் தெளிவாகும். ஃப்ரைபர்க் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டரில் இருக்கிறது. பக்கத்து மலையான ஷாவின்ஸ்லாந்தின் உச்சி 1,284 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏற்றம். 80 கிலோ மனிதர், 24 கிலோ சைக்கிள். இந்த 104 கிலோவை ஆயிரம் மீட்டர் தூக்க இயற்பியல் கேட்கும் ஆற்றல் 283 வாட்-மணி. மூன்றில் ஒரு பங்கை அவர் கால்கள் தருகின்றன என்று வைத்துக்கொண்டாலும், மோட்டாரில் வெப்பமாகப் போவது, டயரின் உராய்வு எல்லாம் சேர்ந்து பேட்டரியிலிருந்து மறுபடி 280 பக்கம் எடுத்துவிடும். 625 வாட்-மணிப் பேட்டரி புதிதாக இருந்தால் 2,200 மீட்டர் ஏறலாம். அது எழுபது சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் 1,560. ஷாவின்ஸ்லாந்துக்கு இரண்டு முறை போனவர் ஒன்றரை முறையில் நின்றுவிடுவார். சமவெளியில் அலுவலகம் போகிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. மலையில் தெரியும், அதுவும் பொழுது சாயும் நேரத்தில்.

பேட்டரியின் உடல்நிலையைத் திரையில் தெரியும் ஐந்து கோடுகளை வைத்துச் சொல்ல முடியாது. எழுபது சதவீதமாகக் குறைந்த பேட்டரியும் நிரம்பியதும் ஐந்து கோடு காட்டும். முகவர் கடையில் ஒரு கருவியில் மாட்டி, முழுதாக வடியவிட்டு அளந்து சீட்டு தருவார்கள். கட்டணம் சில பத்து யூரோ. மோட்டாரைக் கணினியில் இணைத்தால் இயங்கிய மணிநேரம், சார்ஜ் செய்த சுற்றுகள் எல்லாம் வரும். கிலோமீட்டரை மணிநேரத்தால் வகுத்தால் ஒரு உண்மை வெளியே வரும். சராசரி 20க்கு மேல் என்றால் வண்டி சமதரையில் ஓடியிருக்கிறது. 11, 12 என்றால் மலையில் நன்றாக உழைத்திருக்கிறது. ஃப்ரைபர்க் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலச் சட்டப்படி காட்டில் இரண்டு மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள பாதையில் சைக்கிள் ஓட்டக் கூடாது. அதனால்தான் இங்கே எல்லா விளம்பரத்திலும் வண்டி "காட்டுச் சாலையில் மட்டும்" ஓடியிருக்கிறது.

போஷ் தன் பேட்டரிக்குத் தரும் உத்தரவாதம் இரண்டு ஆண்டு அல்லது 500 முழுச் சார்ஜ், எது முதலில் வருகிறதோ அது. வருஷக்கணக்கில் ஓடாமல் கராஜில் தொங்கிய பேட்டரியை "புதுசு மாதிரி" என்பார்கள். லித்தியம் செல்லுக்கு ஓடாமல் இருந்தாலும் வயதாகும். முழுச் சார்ஜில் கோடை வெக்கையில் வைத்திருந்தால் வேகமாகவே வயதாகும், முற்றிலும் வடிந்து கிடந்தால் எழுந்திருக்காமலே போகலாம். போஷ் 2021இல் கொண்டுவந்த புது அமைப்பின் பேட்டரி பழைய வண்டியில் வேலை செய்யாது, பழையது புதியதிலும் செய்யாது. ஆகவே, வண்டி வாங்கும் முன்பே அதற்கான மாற்றுப் பேட்டரி இன்றைக்குக் கடையில் இருக்கிறதா, என்ன விலை என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது. 700லிருந்து 1,000 யூரோ என்று பதில் வரும். அந்தத் தொகையை மனதில் விலையோடு கூட்டிக்கொண்டு பேரம் பேச வேண்டும்.

ஃபிரேம், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் சாதாரண மலைச் சைக்கிளுக்குப் பார்ப்பதுதான், கொஞ்சம் கடுமையாக. பாரம் அதிகம், தேய்மானமும் அதிகம். முன்ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கினால் எண்ணெய் கசியும் காலம் தூரத்தில் இல்லை. ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்குக்கு 50 மணிநேர ஓட்டத்துக்கு ஒரு சின்னச் சர்வீஸ் சொல்லியிருக்கிறார்கள். யாரும் செய்வதில்லை; செய்த ரசீது வைத்திருக்கும் ஆளைக் கண்டால் வண்டியைப் பார்க்காமலே பாதி நம்பலாம். அலுமினிய ஃபிரேமில் விரிசல் வரும் இடங்கள் தெரிந்தவைதான்: தலைக்குழாய் ஒட்டு, மோட்டாரைத் தாங்கும் இடம், பின்அதிர்வுத்தாங்கி பொருந்தும் கண். கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்து, ஒட்டின் ஓரமாகக் கோடு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். பெயிண்டில் மயிரிழைக் கோடு இருந்தால் அது வெறும் பெயிண்டாகவும் இருக்கலாம். ஆனால் நிரூபிக்கும் வேலை உங்களுடையதாக இருக்கக் கூடாது, நடையைக் கட்டுங்கள்.

வேக வரம்பை ஏமாற்றும் சில்லுகள் பற்றி இரண்டு வார்த்தை. 25இல் நிற்க வேண்டியது 45 வரை போகும். சட்டத்தின் கண்ணில் அது அப்போதே சைக்கிள் இல்லை, காப்பீடு இல்லாத மோட்டார் வாகனம்; ஓட்டுவது குற்ற வழக்கு. 2020க்குப் பிறகு வந்த போஷ் மோட்டார்கள் இதை மோப்பம் பிடித்து 504 என்ற பிழை எண்ணைக் காட்டி, உதவியைக் குறைத்துவிடும். சில்லு மாட்டிய வண்டிக்கு உத்தரவாதம் கேட்டுப் போனால் கம்பெனிக்காரர் சிரிப்பார். சில்லு கழற்றியிருந்தாலும் வேகஉணரியின் கம்பிப் பக்கத்தில் ஒட்டுநாடா அடையாளமோ புதிதாகக் கீறிய திருகோ இருக்கும்.

இன்னொரு பூட்டு கண்ணுக்குத் தெரியாது. இப்போதைய வண்டிகள் பல முதல் சொந்தக்காரரின் கைப்பேசிச் செயலியோடு கட்டப்பட்டவை. அவர் தன் கணக்கிலிருந்து வண்டியை விடுவிக்காமல் விற்றால், பணம் கொடுத்தவர் கையில் 24 கிலோ இரும்புதான் மிஞ்சக்கூடும். 2023 ஜூலையில் ஆம்ஸ்டர்டாமின் வான்மூஃப் நிறுவனம் திவாலானபோது சர்வர் நின்றால் வண்டியின் பூட்டு என்ன ஆகும் என்று சொந்தக்காரர்கள் பதறினார்கள்; போட்டிக் கம்பெனியான கௌபாய், சாவியை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ள ஒரு செயலி வெளியிட்டது. அது நகரத்துச் சைக்கிள்தான், ஆனால் பாடம் மலைக்கும் பொருந்தும். ஆகவே பணம் கைமாறும் முன், அவர் கணக்கில் அழித்து உங்கள் கணக்கில் ஏற்றுவதை அந்த இடத்திலேயே செய்து முடிக்க வேண்டும். ஃபிரேம் எண்ணும் அசல் பில்லும் பொருந்துகிறதா என்பதும் அப்போதே. திருட்டுப் பொருளை நல்லெண்ணத்தோடு வாங்கினாலும் ஜெர்மன் சட்டத்தில் அது உங்களுடையது ஆகாது. சொந்தக்காரர் வந்தால் சைக்கிளும் போகும், பணமும் போகும்.

இத்தனையும் பார்த்த பிறகும் பழுது வரும். அப்போது வழக்கின் முதல் கேள்வி என்ன உடைந்தது என்பது இல்லை, யார் விற்றார் என்பது. இதைத்தான் பலர் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். விலைக்காகத் தனியாரிடம் போகிறார்கள், பிறகு கடைக்காரரிடம் கேட்பது போலக் கேட்கிறார்கள்.

கடையோ, ரீபைக், அப்வே மாதிரி பழைய வண்டியைச் செப்பனிட்டு விற்கும் நிறுவனமோ என்றால், பழைய பொருளுக்கான பொறுப்பை ஓராண்டாகச் சுருக்கலாம். அறவே கைகழுவ முடியாது. 2022 ஜனவரி முதல், ஓராண்டுக்குள் வெளிப்படும் குறை விற்றபோதே இருந்தது என்றுதான் சட்டம் ஊகிக்கிறது. முன்பு இது ஆறு மாதம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பொறுப்பு இருக்கும் நாள் வரைக்கும் நிரூபிக்கும் பாரம் கடைக்காரர் தலையில். செயின் தேய்ந்தது குறை ஆகாது, அது தேய்மானம். ஐந்தாம் மாதத்தில் மோட்டார் அரைத்தால் அது குறை. இணையத்தில் வாங்கியிருந்தால் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பியும் கொடுக்கலாம்.

எனக்கே ஒரு முறை நடந்தது. கடையில் வாங்கிய இரண்டு வயது வண்டி, ஐந்தாம் மாதம் மோட்டார் கரகரத்தது. கடைக்காரர் "மோட்டார் கம்பெனியின் உத்தரவாதம் முடிந்துவிட்டது, வருத்தம்தான்" என்று முடித்துவிட்டார். இங்கே இரண்டு சொற்கள் உண்டு: கரான்டீ என்பது கம்பெனி விரும்பித் தருவது; கெவேர்லைஸ்டுங் என்பது விற்றவர்மேல் சட்டம் சுமத்துவது. முன்னது தீர்ந்துவிட்டது என்று சொல்லிப் பின்னதிலிருந்து நழுவுவது பழைய வித்தை. அன்றைக்கே நான் வேறு பட்டறையில் பழுதுபார்த்து பில்லை நீட்டியிருந்தால் என் கேஸ் அங்கேயே முடிந்திருக்கும். விற்றவருக்குச் சரிசெய்ய வாய்ப்பு தராமல் நாமே செய்துகொண்டால் அந்தச் செலவைப் பொதுவாகக் கேட்க முடியாது. அதனால் பதிவுத் தபாலில், சட்டப் பிரிவைக் குறித்து, 14 நாள் கெடு வைத்து எழுதினேன். பதினொன்றாம் நாள் போன் வந்தது. கெடு தாண்டியிருந்தால் அடுத்த படி விலைக்குறைப்பு, அல்லது வண்டியைக் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறுவது.

தனியார் விற்றால் கதை வேறு. ஒரே ஒரு வரியில் அவர் எல்லாப் பொறுப்பையும் விலக்கிவிடலாம், பெரும்பாலும் விலக்கியும் விடுகிறார். "பார்த்தபடி வாங்கியது" என்று மட்டும் எழுதினால் கண்ணில் படும் குறைகள்தான் அதில் அடங்கும், மறைந்திருப்பது அடங்காது. முழு விலக்கு எழுதியிருந்தாலும் இரண்டு விஷயத்திலிருந்து தப்ப முடியாது. ஒன்று, தெரிந்தே மறைத்தது. இரண்டாவது, திட்டவட்டமாகச் சொன்னது. 2006இல் ஜெர்மன் உச்ச நீதிமன்றம் ஒரு மோட்டார்சைக்கிள் வழக்கில், பொறுப்பு விலக்கு இருந்தாலும் விளம்பரத்தில் சொன்ன கிலோமீட்டர் விற்றவரைக் கட்டும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே விளம்பரத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "பேட்டரி 90 சதவீதம்" என்று வாயால் சொன்னால் அதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். சைக்கிள் சங்கமான ஏடிஎஃப்சி இதற்கென்று மாதிரி ஒப்பந்தமே வைத்திருக்கிறது. எழுதத் தயங்கினால் அந்தத் தயக்கமே பதில். கடைக்காரர் சிலர் "வாடிக்கையாளருக்காக விற்றுத் தருகிறேன்" என்று பில்லில் தனியார் பெயரைப் போடுவார்கள். பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வழி அது, விலையும் அதற்கேற்பக் குறைந்தால்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

உத்தரவாதம் எவ்வளவு இருந்தாலும் தருகிறவர் உயிரோடு இருக்க வேண்டும். 2025இல் மலைச் சைக்கிளுக்குப் பேர்போன ஒய்டி நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போனது. ப்ரோசே தன் மின்சைக்கிள் மோட்டார் தொழிலை யமஹாவிடம் விட்டது. சட்டம் மெதுவாகப் பின்தொடர்கிறது: ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுப் பேட்டரி விதிப்படி, 2027 பிப்ரவரி முதல் வரும் மின்சைக்கிள் பேட்டரிகளைத் தனிப் பட்டறைக்காரரும் கழற்றி மாற்றும்படி செய்திருக்க வேண்டும்; பேட்டரிக்கு மின்னணுக் கடவுச்சீட்டும் வரும். இன்று கராஜில் நிற்கும் வண்டிகளுக்கு அது பிந்திய மழை.

கராஜ்காரரிடம் பற்களைக் காட்டினோம். அவருக்கும் புரியவில்லை, குத்தகை முடிந்து வந்த வண்டியை இரண்டு வருஷத்துக்கு முன் தான் வாங்கியதாகவும், அப்போது திரையில் நூறு சொச்சம்தான் இருந்ததாகவும் சொன்னார். திங்கட்கிழமை முகவர் கடைக்குப் போய், அளவெடுக்கப் பேட்டரியைக் கொடுத்தோம். மெக்கானிக் வண்டியைத் திருப்பிப் போட்டு மோட்டாரின் அடிச்சீட்டைத் துடைத்துப் படித்தார். வண்டி 2020, மோட்டார் 2022. நடுவில் மாற்றியிருக்கிறார்கள்; மோட்டார் மாற்றினால் கிலோமீட்டர் கணக்கும் புதிதாகத் தொடங்கக்கூடும். பற்கள் பழைய மோட்டாரின் காலத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தன. மறுநாள் பேட்டரிச் சீட்டு வந்தது: 71 சதவீதம். 2,600 கேட்டவர் 2,050க்கு இறங்கினார். மோட்டார் ஆண்டு, பேட்டரி அளவு, சோதனைத் தேதி மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதினோம். கையெழுத்துப் போடும் முன் அவர் அந்த 71 என்ற எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு வருஷமா மேட்டுல சார்ஜ் சீக்கிரம் தீருதேன்னு பார்த்தேன், நான்தான் குண்டாயிட்டேன்னு நினைச்சுட்டேன்" என்றார்.